விளக்கோடு நிற்பவர்

பெல்ஜியத்தின் கென்ட் நகர ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்த தங்கை வேர்லேவுக்கு, ரைன்ஹில்டே தினமும் ஒரு கன்னியாஸ்திரீ கண்ட தரிசனங்களை வாசித்துக் காட்டினாள். அறுநூறு வருஷத்துக்கு முந்தைய டச்சுச் சுவடி அது. ரைன்ஹில்டேயின் முப்பது வருஷ ஆராய்ச்சி.

“போறவங்களுக்காக அங்கே ஒருத்தர் விளக்கோட நிக்கிறாருன்னு எழுதியிருக்காளே, நெஜமாவே பார்த்தாளாக்கா?”

“பார்த்தாடி.”

“சாமியே இல்லன்னு என்கூட சண்டை போடுவே. இப்ப நீயா சொல்றே?”

“கண்ணால பார்த்தவ சொல்றா. நான் என்ன செய்ய?”

வேர்லே சிரித்தாள். சற்று நேரத்தில், அக்காவின் கையைப் பற்றியிருந்த அவள் பிடி தளர்ந்தது. முகத்தில் பயமே இல்லை.

சுவடியின் அட்டைக்குள் ஒட்டிக்கிடந்த, அன்று காலைதான் பிரித்தெடுத்துப் படித்திருந்த கடைசித் தாளின் நகலை ரைன்ஹில்டே கைப்பையிலிருந்து எடுத்தாள். கன்னியாஸ்திரீயின் அதே கையெழுத்து.

“நான் எதையும் பார்க்கவில்லை. என் தங்கை பயப்படாமல் சாகட்டும் என்றுதான் இத்தனையும் எழுதினேன்.”