கூட்டாமல் குறைக்காமல்

பல்கலைக்கழகத்தின் மாலை நேர வகுப்பில் மருத்துவ மொழிபெயர்ப்புக்குச் சான்றிதழ் வாங்கி, வேலையில் சேர்ந்து, போனில் நான் எடுத்த முதல் அழைப்பு அது. நோயாளியின் மொழி டாக்டருக்குத் தெரியாது.

என் பெயரைச் சொல்லக் கூடாது. கூட்டவோ குறைக்கவோ கூடாது. வகுப்பில் பழக்கிய, உணர்ச்சியே இல்லாத குரலில் டாக்டர் சொன்னதைப் பெரியவரிடம் சொன்னேன்.

"கேன்சர் முத்திப்போச்சு. இனி ஆபரேஷன் பண்ணிப் பிரயோஜனமில்ல."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

பிறகு, "என் பொண்ணுக்கு மட்டும் தெரிய வேண்டாம்னு டாக்டர்கிட்ட சொல்லும்மா. பாவம், இப்பதான் ஒரு வேலையில உட்கார்ந்திருக்கா."

அதையும் அப்படியே சொன்னேன்.

சாயங்காலம் அப்பா போன் பண்ணினார்.

"டெஸ்ட்ல ஒண்ணும் இல்லையாம் கண்ணு. வெறும் வாயுத் தொல்லைதானாம்."

"நல்லதுப்பா."

அழுதுவிடக் கூடாதே என்று வகுப்புக் குரலில் சொல்லிவிட்டேன்.

அந்தப் பக்கம் மறுபடியும் சத்தமே இல்லை.