ஒரே பச்சை

"இதையா லேடீஸ் கிளப் கண்காட்சிக்கு அனுப்பப் போறே? வேணாம்மா தமயந்தி, மானம் போயிடும்!" பக்கத்து குவார்ட்டர்ஸுக்குப் புதிதாகக் குடிவந்த பொன்னம்மாள் சிரித்தாள்.

தமயந்தி பலகையைச் சுவரில் மாட்டினாள். தகரத்தின் மேல் பச்சைத் துணி போர்த்திய பலகை. கணவன் வேணுவுக்கு அன்று எந்த ஷிஃப்ட் என்று காட்ட, துணி சுற்றிய மூன்று காந்தங்கள். மூன்றும் அதே பச்சை.

"பட்டு ஒண்ணு, வெல்வெட் ஒண்ணு, முரட்டுக் கதர் ஒண்ணு. எல்லாம் ஒரே கலரா இருந்தா எது எந்த ஷிஃப்ட்டுன்னு யாருக்குத் தெரியும்?" பொன்னம்மாள் விடவில்லை.

"எங்க அத்தைக்காகச் செஞ்சதுக்கா. பச்சைன்னா அவங்களுக்குச் சின்ன வயசுலேருந்தே உசுரு."

வெல்வெட் காந்தத்தை மட்டும் பலகையில் ஒட்டிவிட்டு, "அத்தை!" என்று குரல் கொடுத்தாள் தமயந்தி.

சுவரைத் தடவியபடி வந்தார் மாமியார் கஸ்தூரியம்மாள். விரல்கள் பலகையைத் தேடிப் பிடித்துக் காந்தத்தை வருடின.

"வெல்வெட்டு! வேணுவுக்கு இன்னிக்கு செகண்ட் ஷிஃப்ட்டா? அப்போ மத்தியானச் சாப்பாடு வூட்லதான். யாரையும் கேக்காமலே தெரிஞ்சிக்கினேன் பாரு!" பார்வையில்லாத அந்த முகம் முழுக்கச் சிரிப்பு.

பொன்னம்மாளின் சிரிப்பு நின்றுபோனது.

தமயந்தி தலை நிமிர்ந்தாள். "கண்காட்சிக்கு வர்ற எல்லாரையும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் இதைப் பார்க்கச் சொல்லப் போறேன்க்கா!"