போனுக்குப் பூசிய சந்தனம்

கட்டிலைவிட்டு இறங்கவே கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டதால், ஏழாம் மாதத்தில் மேகலாவால் ஊருக்குப் போக முடியவில்லை. குறித்த நாளைத் தவறவிடவும் அம்மாவுக்கு மனமில்லை. ஊரில் நாற்காலிமேல் பட்டுச்சேலை விரித்து, அதில் போனை நிறுத்தி வளைகாப்பு நடத்தினார்கள். இங்கே, கணவன் வேலைக்குப் போய்விட்ட வீட்டில், அவள் தலையணையில் சாய்ந்து போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் சிரித்ததில் தாடை வலித்தது.

"கன்னத்தக் காட்டுடி" என்றாள் செண்பகம் அத்தை.

காட்டினாள். திரையில் தெரிந்த கன்னத்தில் அத்தை சந்தனத்தைப் பூசினாள். பின்னால் வந்தவர்களும் வரிசையாகப் பூசினார்கள். யாரோ நெற்றிக்கு வைத்த குங்குமம் கேமராவை அடைத்துவிட, மேகலாவுக்கு எல்லாம் இருண்டது. அந்தப் பக்கம் அவள் முகமும் சந்தனத்தில் மறைந்திருக்கும். யாரும் அதைத் துடைக்கவில்லை. பாட்டும் வளையல் சத்தமும் கேட்டன. அவள் இரண்டு கைகளையும் நீட்டியபடியே இருந்தாள்.

"பாவம், புள்ள எவ்ளோ நேரந்தான் உக்காந்திருப்பா? உள்ள கொண்டுபோய்ப் படுக்க வைங்க" என்றாள் அம்மா.

போனை மெத்தையில் கிடத்தினார்கள். ஃபேனைப் போட்டுவிட்டு யாரோ கதவை மெல்லச் சாத்தினார்கள். கதவுக்கு அப்பால் பந்திக்கு இலை போடும் சத்தம் கேட்டது.

இங்கே அறை புழுங்கியது. எழுந்து சுவிட்சைப் போட அவளுக்குத் தெம்பில்லை. அழைப்பைத் துண்டிக்காமல் இடப்பக்கமாகத் திரும்பிப் படுத்து, ஊரில் ஓடும் அந்த ஃபேனுக்கடியில் கண்ணை மூடிக்கொண்டாள்.