அடிச்சுரம்

சர்ச் பேண்டில் டியூபா என்ற பெரிய பித்தளைக் குழலை ஊதும் செல்வினுக்கு அதன் ஆகத் தாழ்ந்த அடிச்சுரம் மட்டும் பிடிபடவேயில்லை. உதடு தளர்ந்தால்தான் அது வரும். அவனுக்கோ அந்த இடம் நெருங்கினாலே பயத்தில் உதடு இறுகிவிடும். வீட்டில் பழகும்போது எருமை கத்தியதுபோல் வரும் அந்த அரைகுறைச் சத்தத்துக்கே மனைவி பெனிட்டாவின் வயிற்றுக்குள் பிள்ளை உதைக்கும். “காலையிலருந்து பிள்ள அசையவே இல்லங்க,” என்றாள் அவள் அன்று. ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவுக்குச் சொல்லியாயிற்று. “வண்டி வாறதுக்குள்ள ஒருதரம் ஊதுங்க.” டியூபாவை மடியில் தூக்கி வைத்தான். இருந்த நடுக்கத்தில் உதட்டை இறுக்கக்கூட அவனுக்குத் தெம்பில்லை. அலமாரித் தம்ளர்கள் அதிர, அடிச்சுரம் முழுசாக எழுந்து நின்றது. பெனிட்டா வயிற்றில் கைவைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். வாசலில் ஆட்டோ ஹாரன் அடித்தது. மூச்சு தீரத்தீர அவன் அவள் முகத்தையே பார்த்தபடி ஊதினான். அவள் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.