யோபின் மனைவியின் பெயர்

மணியை அவள்தான் அடித்தாள்.

அடித்த பிறகு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்வரூபி அவள் முழங்கையைத் தொட்டாள். பதில் தெரியும்தானே, மானத்தை வாங்கிவிடாதே என்று அர்த்தம்.

தெரியாமல் என்ன? யோபின் மனைவி பெயர் என்ன என்பது கேள்வி. ஓய்வுநாள் பள்ளியில் படிக்கிற பிள்ளைகூடச் சொல்லிவிடும். வேதத்தில் அவளுக்குப் பெயர் இல்லை. அதுதான் சரியான விடை. ஆளைக் கவிழ்ப்பதற்கென்றே, பெண்கள் ஐக்கியச் சங்கத்து வினாடி வினாவில் வருடம் தவறாமல் இதைக் கேட்பார்கள்.

இரண்டு அணியும் சமம். இதைச் சொன்னால் கேடயம்.

மைக்கைப் பிடித்திருந்த போதகர் சிரித்தார். கோவிலில் பாதிப் பேர் சிரித்தார்கள். கேள்வி போயும் போயும் யாரிடம் மாட்டியிருக்கிறது பார் என்கிற சிரிப்பு.

மூன்று வருடமாக அந்தச் சபையில் ‘யோபு பெண்டாட்டி’ என்றால் அவள்தான்.

அவள் கணவர் எட்டு வருடம் படுக்கையில் கிடந்தார். முதுகு முழுக்கப் புண். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைத்தது அவள். சீழைக் கழுவியது அவள். ஒரு மத்தியானம் கழுவும்போது அவர் அலறிய அலறலில் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

“போதும் அத்தான். ஆண்டவரை ரெண்டு ஏச்சு ஏசிட்டுச் செத்துப் போயிருங்க.”

ஜெபக்குழுப் பெண்கள் அப்போதுதான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். புண்ணோடு கிடந்த யோபிடம் அவர் மனைவி வேதத்தில் சொன்ன அதே சொல் அவர்கள் காதில் விழுந்தது. கணவர் மெல்லச் சொன்ன பதில் விழவில்லை.

“நானும் அதத்தாம்ளா தெனமும் கேக்கேன்.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். எட்டு வருடத்தில் அப்படிச் சிரித்ததில்லை. அந்தச் சிரிப்பும் வாசலுக்குக் கேட்டது. அது இன்னும் மோசமாகப் போயிற்று.

அடுத்த மாதம் அவர் போய்ச் சேர்ந்தார். பட்டம் மட்டும் நிலைத்துவிட்டது.

“பத்து செகண்டுதான் இருக்கு, சிஸ்டர்.”

“ரஹ்மா,” என்றாள்.



கடைசி நாட்களில் கணவரைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியில், அடுத்த கட்டில்காரருக்குத் துணையிருந்த மேலப்பாளையத்து மைமூன் சொன்ன பெயர் அது. முஸ்லிம்களுக்கு யோபு, அய்யூப் நபி. ஊரே ஒதுக்கிய அந்த மனுஷனை விட்டுப் போகாதவள் ரஹ்மா. ரொட்டிக்காகக் கூந்தலை அறுத்து விற்றவள். அங்கேயும் அவருக்கு ஒருநாள் கோபம் வந்து, எழுந்ததும் உன்னை நூறு அடி அடிக்கிறேன் என்று சத்தியம் பண்ணிவிட்டாராம். இறைவனே குறுக்கே வந்து, ஒரு பிடிப் புல்லை எடு, அதால் ஒரு தட்டுத் தட்டு, உன் சத்தியம் தீர்ந்தது என்றானாம். அதைக் கேட்டு இவள் வார்டு வராந்தாவில் உட்கார்ந்து அழுதாள். இவளுக்காக அப்படி யாரும் குறுக்கே வந்ததில்லை.

“நம்ம வேதத்துல கேட்டேன், சிஸ்டர்.” போதகர் நல்ல மனிதர்தான். “இன்னொரு வாய்ப்புத் தர்றேன்.”

“தீனாள். யாக்கோபு மவ. யூதருங்க அப்படிச் சொல்றாங்கன்னு, போன பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம் நீங்கதான் பிரசங்கத்துல சொன்னீங்க.”

சொன்னவருக்கு மறந்துபோயிருந்தது. அட்டையைப் பார்த்தார். அதில் உதவி இல்லை.

“பேர் இல்லன்னு சொல்லுங்கக்கா,” செல்வரூபி பல்லைக் கடித்தாள். “கேடயம் நமக்குத்தான்.”

அவள் எழுந்து நின்றாள்.  

“கடைசியில யோபுக்கு மறுபடியும் பத்துப் பிள்ள பொறந்துச்சே, ஐயா. அதுல மூணு பொம்பளப் பிள்ளைக்கும் பேர் எழுதியிருக்கு. பெத்தவளுக்கு மட்டும் இல்லாமப் போச்சோ? எழுதலன்னா எழுதலன்னு சொல்லுங்க. பேர் இல்லன்னு என் வாயால சொல்ல மாட்டேன்.”

 பிறகு கேள்வி எதிரணிக்குப் போயிற்று. அவர்கள் மூன்று பேரும் ஒரே குரலில் சரியான விடையைச் சொன்னார்கள். கோவில் கைதட்டியது. செல்வரூபி நாற்காலியை அந்தப் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.

கேடயம் போனதில் அவளுக்கும் வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் மூன்று வருடத்தில் முதல் தடவையாக மூச்சு நெஞ்சு நிறைய வந்தது.

இரண்டாம் பரிசு ஆளுக்கு ஒரு எவர்சில்வர் தட்டு. போதகர் பட்டியலைப் பார்த்துக் கூப்பிட்டார்.

“திருமதி ஞானசிகாமணி.”

கூப்பிட்டது அவளைத்தான். இருபத்தாறு வருடமாக அந்தக் கோவிலில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். இத்தனை வருடமும் எழுந்து போயிருக்கிறாள்.

எழுந்திருக்கவில்லை.

“திருமதி ஞானசிகாமணி!”

கணவர் மேல் அவளுக்கு ஒரு குறையும் கிடையாது. இருந்திருந்தால் முதலில் சிரிப்பவர் அவர்தான்.

போதகர் தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். வேறு பெயர் எதுவும் எழுதியிருக்கவில்லை. மைக்கை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, சங்கச் செயலாளரிடம் குனிந்து கேட்டார். செயலாளர் உதட்டைப் பிதுக்கிவிட்டு, அடுத்திருந்த பொருளாளரைப் பார்த்தாள். பொருளாளர் செல்வரூபியைப் பார்த்தாள். செல்வரூபிக்கு அவள் எப்போதும் அக்காதான்.

அவள் சேலைத் தலைப்பை மடியில் இழுத்துவிட்டுக்கொண்டு, வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.