திரை இடுக்கில் எடுத்த படம்

புகைப்பட நிருபர் பத்திரிகை ஆசிரியரிடம் நீட்டிய படத்தில், மருத்துவமனைக் கட்டிலருகே வேட்பாளர் தம் தாயின் கையைப் பிடித்து அழுதுகொண்டிருந்தார்.

“யாருக்கும் தெரியாம, திரை இடுக்குல நின்னு எடுத்தேன் சார். இதைப் போடலேன்னா அடுத்த பத்திரிகைக்காரன் முந்திக்குவான். விற்பனை இப்படியே விழுந்தா உங்க நாற்காலி தங்காது.”

“போனா போகட்டும்யா. ஓட்டுக் கேட்டு வந்துட்டாருங்கிறதுக்காக, அவரு வீட்டுக் கண்ணீரையுமா கடை பரப்பறது?”

ஆசிரியர் படத்தை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

இதழ் வெளிவந்த காலையில் வேட்பாளரே தொலைபேசியில் அழைத்தார். நன்றியை அடக்கமாக ஏற்றுக்கொள்ள, ஆசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“என்னங்க, படத்தைக் காணோம்? நல்லா இருந்த அம்மாவைக் கட்டில்ல படுக்க வெச்சு, வெளிச்சம் சரியில்லேன்னு உங்க ஆளு சொன்னதுக்கெல்லாம் மூணு தடவை அழுதேனேங்க!”