பழைய சட்டைக்குப் பாத்திரம்

சிறையிலிருந்து தப்பிய இரு கொலைகாரர்களைத் தேடி, துப்பறியும் அதிகாரி பரந்தாமன் பாத்திரக்காரர் வேஷத்தில் அம்பத்தூர்த் தெருக்களில் தனியாக அலைந்தார்.

ஒரு வீட்டு வாசலில் குப்பம்மா பழந்துணி மூட்டையை நீட்டினாள். அவிழ்த்தவர் விறைத்துப்போனார். நடுவில் கைதி எண் அச்சிட்ட சட்டை.

"இதுக்கு இன்னா குடுப்பே?"

"ஒரு தூக்கு தரேம்மா."

அவள் நெருங்கிக் குனிந்தாள். "நீ பாத்திரக்காரன் இல்ல."

அவர் கை இடுப்புத் துப்பாக்கியைத் தேடியது.

"கிழிசல் கீதான்னு பிரிச்சிப் பாக்காம எவன்யா துணி எடுப்பான்? நேத்து எதிர் ஊட்ல நீ அப்டி எடுத்தப்பவே புரிஞ்சிகினேன், நீ போலீசுன்னு."

உள்ளிருந்து ஓர் ஆண் குரல் அதட்டியது. "இன்னாம்மே, இவ்ளோ நேரம்?"

"பேரம் பேசிகினு கீறேன்!" என்று கத்தியவள் கிசுகிசுத்தாள்: "அதான் அந்தச் சட்டைய சொருகினு வந்தேன். சத்தம் போடாதே அண்ணாத்தே. எம் பொண்ணு கழுத்துல கத்தி வச்சிகினு கீறானுங்க."